‘அல்பியன்’ முதலிதழும் கொலன்னாவைப் பழைய தாள்களும்

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ‘அல்பியன்’ என்றொரு சித்திரக்கதைத் தொடரின் முதலாவது இதழ் வெளிவந்தது. டீசீ நிறுவனத்தின் கிளையான வைல்ட்ஸ்டோர்ம் அதனை வெளியிட்டது. மொத்தம் ஆறு இதழ்கள். கடைசி இதழ் வருவதற்குள் 2006ஆம் ஆண்டும் முடியப் பார்த்தது. கதையின் திட்டத்தை வகுத்தவர் அலன் மூர். அதனை விரித்து எழுதியவர்கள் அவருடைய மகள் லியா மூரும் ஜோன் ரெப்பியனும். சித்திரங்கள் ஷேன் ஓக்லியுடையவை. அல்பியன் என்பது பிரித்தானியாவின் மிகப் பழைய பெயர்.

இதைப் பற்றி நமது பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அந்தத் தொடரில் ஒன்றுகூட்டப்பட்ட பழைய நாயகர்களுள் மூவரின் பெயரைச் சொன்னால், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழர் ஒருவர் பின்னர் இலண்டனுக்குப் போனார். கலாசாலை விடுதியில் விளக்கணைத்த பிறகு இருட்டில் மாயாவி கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ‘உன்னுடைய ஆட்கள் எல்லாரும் இதற்குள் இருக்கிறார்கள்’ என்று ஒரு துண்டு எழுதி வைத்து, அந்த முதலிதழை அவர்தான் அனுப்பினார். அப்போது நான் புத்தளம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆங்கிலம் எனக்கு இடறும். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன்.

கதையின் அடிப்படை இதுதான். பழைய ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகைகளில் வந்த வீரர்களும் வில்லர்களும் கற்பனை அல்லர், உண்மையில் வாழ்ந்தவர்கள். பத்திரிகைகள் அவர்களுடைய நிஜ வாழ்க்கையைத்தான் வாராவாரம் படமாக வரைந்து காட்டின. பிறகு ஒரு கட்டத்தில் அவர்கள் எல்லாரும் காணாமற்போய்விட்டார்கள். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. பழைய பத்திரிகைகளைத் தேடிச் சேர்க்கும் டெனி என்ற இளைஞனுக்கு இந்த உண்மை தெரியவருகிறது. பழைய கதையொன்றின் நாயகரான டோல்மனின் மகள் பென்னி அவனோடு சேர்கிறாள்.

இதை வாசித்தபோது எனக்கு வந்தது வியப்பல்ல, சிறிய கோபம் என்றுதான் சொல்லவேண்டும். காணாமற்போய்விட்டார்களாமே! யாருக்கு? சிவகாசியில் முத்து, லயன் ஆகிய இரண்டும் இடைவெளி விட்டு விட்டென்றாலும் அப்போதும் வந்துகொண்டிருந்தன. கொலன்னாவையில் எங்கள் வீட்டுக் கட்டிலின் கீழே ஒரு தேயிலைப் பெட்டி நிறைய மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் இருந்தார்கள். டெனி இலண்டன் முழுவதும் அலையாமல் எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அவர்கள் இலண்டனிலிருந்து கொலன்னாவைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது தனிக் கதை. சித்திரக்கதை இலக்கியமா என்ற கேள்விக்கு நான் இங்கே பதில் தேடப்போவதில்லை. அந்தப் பயணத்தை ஓரளவு எழுதி வைக்கவேண்டும் என்பதே என் எண்ணம்.

மூவரில் மூத்தவன் ஆர்ச்சி. 1952 பெப்ரவரி 23ஆம் திகதி இலண்டனில் ‘லயன்’ என்ற சிறுவர் வாரப் பத்திரிகையின் முதலிதழ் வெளிவந்தபோதே அந்த இயந்திர மனிதன் அதில் இருந்தான். எழுதியவர் கவன், வரைந்தவர் டெட் கியர்ன். மாயாவி பிறந்தது ‘வேலியன்ட்’ என்ற மற்றொரு வாரப் பத்திரிகையில், 1962 ஒக்டோபர் 6ஆம் திகதி. அதுவும் முதலிதழ்தான். லூயிஸ் கிரான்டெல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடல் மறைந்துவிடுகிறது, இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கிறது. கென் புல்மர் எழுதத் தொடங்கினார், பின்னர் டொம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். ஸ்பைடர் 1965 ஜூனில் லயன் பத்திரிகையில் வந்தான். அவனைப் படைத்தவரும் ஆர்ச்சியை எழுதிய அதே கவன்தான். வரைந்தவர் ரெக் பன்.

இதில் ஒரு விடயம் முக்கியமானது. ஆர்ச்சியை விட்டால் மற்ற இருவரும் நல்லவர்களாகப் பிறக்கவில்லை. மாயாவி முதற்கதையில் திருடன். மறைந்து நின்று ஊரை மிரட்டியவன். பிற்பாடுதான் திருந்தி ‘நிழற்படை’ என்ற இரகசியப் பிரிவில் சேர்கிறான். ஸ்பைடர் குற்றவாளிகளின் அரசனாகவேண்டும் என்ற ஆசையோடு கதைக்குள் நுழைந்தவன். கள்வன் காவலனாக மாறும் கதை நம் பிள்ளைகளுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதை நான் வகுப்பறையில் பலமுறை யோசித்திருக்கிறேன். பிறப்பிலேயே நல்லவனாக வருகிறவனிடம் பிள்ளைகள் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

ஸ்பைடர் தொடங்கிச் சிறிது காலத்தில் அதை எழுதும் பொறுப்பு ஓர் அமெரிக்கரிடம் போனது. அவர் ஜெரி சீகல். 1938இல் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சுப்பர்மனைப் படைத்து, அதன் உரிமையை 130 டொலருக்குக் கொடுத்துவிட்டு, வாழ்நாளெல்லாம் அதற்காக வழக்காடிய அதே சீகல். சுப்பர்மனைப் படைத்தவர் எழுதிய கதைகளைத்தான் பிற்காலத்தில் நாங்கள் கொலன்னாவையில் இருந்து வாசித்தோம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ அச்சிடும் வழக்கமில்லை. பெயரற்றவர்களின் உழைப்பு அது. நாயகர்கள் சிறைப்பட்டதாக அல்பியன் சொல்கிறது. உண்மையில் மறைக்கப்பட்டவர்கள் அவர்களைப் படைத்தவர்கள்.

1974இல் லயன் வேலியன்டுக்குள் கரைந்தது. 1976இல் வேலியன்டும் ‘பெட்டில்’ என்ற யுத்தக்கதைப் பத்திரிகைக்குள் கரைந்தது. அல்பியன் பேசும் ‘காணாமற்போதல்’ இதுதான்.

அங்கே மாயாவியின் ஆட்டம் அடங்கிக்கொண்டிருந்த வேளையில், 1972 ஜனவரியில், சிவகாசியில் சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதலிதழே ‘இரும்புக்கை மாயாவி’. ஆரம்ப காலத்தில் ஆசிரியராக இருந்து அதற்கொரு தமிழ் நடையை உண்டாக்கியவர் முல்லை தங்கராசன். சிவகாசி என்றால் நமக்குக் கலண்டரும் பட்டாசும்தான் நினைவுக்கு வரும். அந்த அச்சகங்களின் நடுவிலிருந்துதான் மாயாவி தமிழ் பேசத் தொடங்கினான். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், மிக இளவயதில், ‘லயன் காமிக்ஸ்’ என்ற மற்றொன்றைத் தொடங்கினார். முதலிதழில் வந்தவள் மாடஸ்டி. ஸ்பைடரும் ஆர்ச்சியும் அவளைத் தொடர்ந்து வந்தார்கள். இலண்டனில் லயன் என்ற பத்திரிகை மறைந்து பத்து வருடங்களுக்குப் பின், அதில் பிறந்த இருவரும் அதே பெயருடைய இன்னொரு வீட்டில் குடியேறினார்கள்.

(சிவகாசிக்காரர்கள் ‘காமிக்ஸ்’ என்று எழுதுவார்கள். நாங்கள் ‘கொமிக்’ என்றுதான் சொல்வோம். அட்டையில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.)

இலங்கையில் நிலைமை வேறு. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர் எழுத்து செழிக்க அது உதவியது என்பதை நம் எழுத்தாளர்கள் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அதே காலத்தில் சிங்களத்தில் ‘சதுட’ போன்ற சித்திரக்கதைப் பத்திரிகைகள் பெருகின. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 1977க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகுதான் சிவகாசிக் கட்டுகள் கொழும்புக் கடைகளுக்குத் தாராளமாக வரத் தொடங்கின. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் வீடுகள் நிறைந்த பகுதிகளில் அவை விற்றன.

எங்கள் வீட்டுக்கு அவை கடையிலிருந்து வரவில்லை, தராசிலிருந்து வந்தன. வாப்பாவுக்குப் போத்தல், பழைய பேப்பர் வியாபாரம். தள்ளுவண்டியோடு தொடங்கி, பிறகு ஒரு சிறிய லொறியில் கொழும்பு முழுவதும் சுற்றுவார். எடை போட்டு வாங்கிய தாள்கள் எங்கள் முற்றத்தில் கொட்டப்படும். செய்தித்தாள் ஒரு பக்கம், கொப்பித் தாள் ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம் என்று நாங்கள் பிள்ளைகள் பிரிக்கவேண்டும். நல்லவை பை ஒட்டுகிறவர்களிடம் போகும். துண்டுகள் கடலைக்காரர்களிடம் சரை சுருட்டப் போகும்.

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலிருந்து வந்த கட்டுகள் மற்றவற்றைப் போலில்லை. அவை ஒரு மாதத்துச் செய்தித்தாள்கள் அல்ல. ஒரு வீட்டின் முழு அலுமாரி. கனடாவுக்கும் இலண்டனுக்கும் போகிற குடும்பங்கள் எடுத்துப்போக முடியாததை நிறுத்து விற்றன. பாடப்புத்தகங்கள், ‘கல்கி’யிலிருந்து கிழித்துக் கட்டிய தொடர்கதைகள், கல்யாணக் காட்டுகள், அவற்றின் நடுவே கையடக்கமான லயன், முத்து, ராணி காமிக்ஸ். முதற்பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். சிலவற்றில் வகுப்பும் இருக்கும். ஒன்றில், ‘இதை எடுப்பவர்கள் திருப்பித் தரவும்’ என்று எழுதி வீட்டு முகவரியும் கொடுத்திருந்தது. வாப்பா அந்த வீட்டிலிருந்துதான் அதை வாங்கிவந்திருந்தார்.

கிலோ கணக்கில் நட்டம் வரும் என்று முணுமுணுத்துக்கொண்டாலும், பிரிக்கும்போது நாங்கள் ஒதுக்கி வைப்பதை வாப்பா பார்க்காததுபோல இருந்துவிடுவார். அப்படிச் சேர்ந்ததுதான் கட்டிலின் கீழிருந்த பெட்டி. நானா, மாயாவியைப் போல மறையலாமென்று சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளை விரலில் சுற்றிக்கொண்டு பிளக் துளையருகே போனதும், வாப்பாவின் கை அவன் முதுகில் விழுந்ததும் எங்கள் ஒழுங்கை முழுவதும் தெரிந்த கதை. தமிழ் காமிக்ஸ் வாசித்த எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு நானா இருந்திருப்பான்.

எனக்கு வாசிப்பு வந்தது இந்தப் புத்தகங்களால்தான். வீட்டில் நாங்கள் பேசுவது ஒரு தமிழ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது இன்னொன்று. மாயாவி பேசியது மூன்றாவது தமிழ். ஆபத்தில் அகப்பட்ட வெள்ளைக்காரர்கள் ‘ஐயோ! கடவுளே!’ என்று அலறினார்கள். கொள்ளைக்காரர்கள் சுத்தமான எழுத்துத் தமிழில் திட்டமிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் நான் ‘போலீஸ்’ என்று எழுத, ஆசிரியை சிவப்பு மையால் கீறி ‘பொலிஸ்’ என்று திருத்தினார். ‘இது எங்கே படித்தாய்?’ என்று அவர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. இன்று என் மாணவன் எவனாவது அப்படி எழுதினால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருக்கும். இருபது வருடங்களாக ஒருவனும் எழுதவில்லை.

பிரித்து வைத்த தாள்களின் மேல் உட்கார்ந்து நாங்கள் செய்த பெரிய விவாதம், மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் வெல்வார் என்பது. ஸ்பைடரிடம் வலைத் துப்பாக்கி உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாதவன் மேல் எப்படிச் சுடுவது? இரும்புக்கை தெரியுமே, அதைப் பார்த்துச் சுடலாம் என்பான் நானா. இப்படி ஒரு புத்தகம் வராதா என்று ஏங்கினோம். வெவ்வேறு கதைகளின் நாயகர்களை ஒரே கதைக்குள் இறக்கும் இந்த உத்திக்கு மேலைநாட்டில் ‘குரொஸ்ஓவர்’ என்று பெயர் இருப்பதும், அதில் பெரும் வியாபாரம் நடப்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் இது 1940இலேயே தொடங்கிவிட்டது. அந்த வருடம் தீ மனிதனான ஹியூமன் டோர்ச்சையும் நீர் மனிதனான சப்மரினரையும் ஒரு நிறுவனம் மோதவிட்டது. 1984இல், சிவகாசியில் லயன் பிறந்த அதே வருடத்தில், மார்வல் நிறுவனம் தன் நாயகர்கள் பலரை ஒரே தொடரில் சேர்த்து ‘சீக்ரட் வோர்ஸ்’ என்று பன்னிரண்டு இதழ்கள் வெளியிட்டது. மட்டெல் என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் பொம்மைகளை விற்பதற்காக எழுந்த யோசனை அது. அடுத்த வருடம் டீசீ நிறுவனம் ‘கிரைசிஸ் ஒன் இன்ஃபினிட் ஏர்த்ஸ்’ தொடங்கியது. ஐம்பது வருடங்களில் தாறுமாறாக வளர்ந்துவிட்ட தன் கதையுலகங்களை ஒன்றாக்கிச் சுத்தம்செய்வது அதன் நோக்கம். அன்றிலிருந்து இவ்வகைத் தொடர்களின் முதலிதழ் வந்தால் அது ஒரு கலியாண வீடு மாதிரி. யார் யார் வருவார்கள், யார் யாரோடு பேசமாட்டார்கள் என்ற பரபரப்பிலேயே பாதி விற்றுவிடும்.

அல்பியன் வருவதற்கும் ஒரு வியாபாரக் காரணம் உண்டு. மாயாவி முதலானோரின் உரிமையை வைத்திருந்த ஐபீசீ என்ற இலண்டன் நிறுவனத்தை 2001இல் ஏஓஎல் டைம் வோர்னர் வாங்கியது. டீசீயும் அவர்களுடையதே. ஒரே முதலாளியின் இரு வீடுகளுக்கிடையில் கதவு திறந்தது. அதனால்தான் இங்கிலாந்தின் நாயகர்கள் அமெரிக்கப் புத்தகத்தில் ஒன்றுகூட முடிந்தது. கோட்டைக்குள் அடைபட்டவர்களின் கதையை எழுத மூர் குடும்பத்துக்கு இது தூண்டுதலாக இருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எவருக்கும் பயன்படாமல் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் கிடப்பதும் சிறைதானே.

முதலிதழைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். யோசனை பெரியது, கதை அவ்வளவு பெரியதல்ல. ஒவ்வொரு மூலையிலும் ஒரு பழைய முகம் எட்டிப் பார்க்கிறது. அவர்களைத் தெரிந்தவனுக்கு அது விருந்து. தெரியாதவன் யாரோ ஒருவரின் குடும்ப அல்பத்தைப் புரட்டுவதுபோல உட்கார்ந்திருக்கவேண்டும். ஓக்லியின் கோடுகள் கூர்மையானவை, கறுப்பு அதிகம். பிளாஸ்கோவின் மாயாவியில் இருந்த மென்மை, மழைநாள் வெளிச்சம் போன்ற அந்தச் சாம்பல் நிறம் இங்கே இல்லை. இருந்தும் ஆறு இதழ்களையும் தேடி வாசித்தேன். நானாவின் விவாதத்துக்கு அவற்றில் விடை கிடைக்கவில்லை.

ஆயினும் ஒன்றை மூர் குடும்பத்தார் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இந்தப் பழைய தாள்கள் ஆபத்தானவையாகவும் ஆகக்கூடும் என்பதை. அதை நான் இலண்டன் கதையில் அறியவில்லை.

1995 ஒக்டோபர் 20ஆம் திகதி அதிகாலையில் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்க் குதங்களைப் புலிகள் தாக்கினார்கள். தீ எழுந்த திசையில் வானமே தெரியவில்லை. சனங்கள் பாயும் பிள்ளையுமாக ஓடினார்கள். நாங்கள் மூன்று நாள் மாமி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினோம். சுவர், மரம், கிணற்றுக் கட்டு எல்லாவற்றிலும் கரி. அதற்குப் பிறகு சோதனைகள். எங்கள் முற்றத்தில் அந்த வாரம் கிடந்தது வெள்ளவத்தையிலிருந்து வந்த தமிழ்த் தாள். ஒரு லொறிக்குக் குறையாது. உம்மா அதைக் கொளுத்திவிடலாம் என்றார். இந்த நேரத்தில் நெருப்பு மூட்டினால் அதற்கும் கேள்வி வரும் என்று வாப்பா தடுத்துவிட்டார்.

சீருடையில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இவ்வளவு தமிழ்ப் பத்திரிகை எதற்கு, யாருக்கு என்று வாப்பாவிடம் கேட்டார்கள். எடைக்கு விற்கிறோம் என்பதை நம்புவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. கட்டுகளை வெட்டிப் பிரித்தார்கள். பெட்டியையும் கட்டிலின் கீழிருந்து இழுத்தார்கள். அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தவர் மிக இளையவர். என்னைவிட மூன்று, நான்கு வயதுதான் கூட இருக்கும். இது என்ன என்று என்னிடம் கேட்டார். பயத்தில், ‘லயன்’ என்றேன். அவர் திரும்ப, ‘லயன்?’ என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம், ‘கொட்டியா நெவெய், சிங்ஹயா’ என்றார். புலி இல்லை, சிங்கம்.

அவர் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். சட்டித்தலையன் ஒரு கதவைப் பெயர்க்கும் இடத்தில் நிறுத்தி, ‘மெயா மொகத கியன்னே?’ என்று கேட்டார். இவன் என்ன சொல்கிறான்? எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அடுத்த படத்தையும் காட்டினார். இரண்டு பக்கம் அப்படியே போனது. வெளியே யாரோ கூப்பிட, புத்தகத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் புத்தகத்தால் தப்பினோம் என்று சொல்லமாட்டேன். வாப்பாவை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். அஸருக்குப் பின் விட்டார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் வெள்ளவத்தைப் பக்கம் லொறியைக் கொண்டுபோகவுமில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. அதனால்தான் அல்பியனின் முதலிதழ், இவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. தமிழன் மட்டும்தான் காப்பாற்றினான் என்று பெருமை பேசவும் முடியாது. ஸ்பெயினில் மாயாவியும் ஸ்பைடரும் நெடுங்காலம் விற்றார்கள். ஒல்லாந்தில் ஆர்ச்சிக்குப் புதிய கதைகளே வரைந்தார்கள். ஊரில் செத்தவன் அயலூரில் உலாவுவது உலகத்தில் புதிதுமல்ல. நம்மவர்களுக்கு இதற்கு வெளியே உதாரணம் தேடவேண்டியதில்லை. இந்தியாவின் விலங்குக் கதைகள் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துப் பஹ்லவி மொழிக்குப் போயின. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனை ‘கலீலா வ திம்னா’ என்று அரபியில் ஆக்கினார். அந்தப் பஹ்லவி நூல் இன்று இல்லை. அரபுப் பிரதி இருந்தது; அதிலிருந்து அது உலகத்தின் எத்தனையோ மொழிகளுக்குப் போனது. மொழிபெயர்த்தவனின் வீட்டில் கதை மூலவீட்டைவிட நீண்டகாலம் உயிரோடிருப்பதுண்டு. சிவகாசியில் பெயர் தெரியாமல் மாயாவிக்குத் தமிழ் எழுதிக்கொடுத்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்னுல் முகஃப்பஃதான் நினைவுக்கு வருகிறார். ஒப்பீடு பெரிதாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பிறந்த வீட்டிலும் பிற்பாடு ஞாபகம் வந்தது. அல்பியன் வந்த 2005ஆம் வருடமே மாயாவியின் பழைய கதைகளும் ஸ்பைடரின் பழைய கதைகளும் இங்கிலாந்தில் நூலாக மறுபதிப்புக் கண்டன. 2018இல் ரெபெல்லியன் என்ற நிறுவனம் அந்தப் பழைய களஞ்சியத்தை வாங்கி, 2021 தொடக்கம் அவர்களைத் திரும்ப அச்சிட்டு வருகிறது. இப்போது அங்கே எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அட்டையில் வருகின்றன. சிவகாசியிலும் 2012ஆம் ஆண்டில் லயன் ஒரு ‘கம்பேக் ஸ்பெஷல்’ போட்டுப் புதுத் தெம்போடு எழுந்தது. மாயாவியும் மறுபதிப்பாக வந்தான்.

கட்டிலின் கீழிருந்த பெட்டிக்குத்தான் யோகமில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையில் நீர் கட்டிலுக்கு மேலால் போனது. நான் கிராமத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது பெட்டிக்குள் இருந்தது ஒரே கட்டி. பிரிக்க முயன்றால் கூழாக வந்தது. பழைய தாளை நிறுத்து வாழ்ந்த வீட்டில் அதை எடைக்குக்கூடப் போடமுடியவில்லை. அலுமாரியின் மேல்தட்டில், அல்பியன் இதழோடு, யாரோ எப்போதோ எடுத்து வைத்த ஒரேயொரு மாயாவி மட்டும் ஓரம் நனைந்து தப்பியிருந்தான்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு நீர் மீண்டும் வந்தது. உம்மாவைப் பார்க்க வந்தவன் அகப்பட்டுக்கொண்டேன். தங்கச்சியின் குடும்பத்தோடு மேல்மாடியில் இரண்டு இரவு. மின்சாரமில்லை, கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மருமகனுக்குப் பதினொரு வயது. பொழுது போகாமல் அலுமாரியைக் குடைந்தவன் அந்த மாயாவியை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மிதக்கும் இரும்புக்கையை அவனுக்கு உடனே பிடித்துவிட்டது. படங்களை விறுவிறுவென்று பார்த்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றான்.

‘மாமா, இவன் என்ன செல்றான்?’

‘வாசிச்சுப் பாரு.’

‘எனக்கு இந்த எழுத்து ஏலா.’

அவன் படிப்பது ஆங்கிலத்தில், இரண்டாம் மொழி சிங்களம். வீட்டில் நாள் முழுவதும் தமிழ்தான் பேசுகிறான். தங்கச்சியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஒழுங்கையில் அவன் வயதுப் பிள்ளைகளில் தமிழ் எழுத்துத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை போதும். நானோ நூறு கிலோமீற்றருக்கு அப்பால் யாருடையவோ பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

டோர்ச்சை அவனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் தாளிலிருந்துதான் தொடங்க முடிந்தது. வெள்ளவத்தைப் பிள்ளையின் பெயரிருந்த முதற்தாள் அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. அவன் அதை நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.